ஸ்டாக் வருவதற்கு முன்

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் நடத்துகிறவர்கள் பலர் அசெம்பிளி வரிகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். "இது மெஷினை எழுப்புகிற சின்ன வேலை, மெயினிலிருந்து பார்க்கலாம்" என்பார்கள். எனக்கோ அந்தச் சின்ன வேலை மேல்தான் தீராத ஆசை. ஆரம்பாக்கத்தில் சாயங்காலம் என்னிடம் வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

எடுத்துக்கொள்வது எக்ஸ்வி6. எம்ஐடி 2006-ல் பாடத்துக்காகவே எழுதிய குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் பின்பற்றியது. எக்ஸ்86 ப்ராசஸரில் பிறந்து 2019-ல் ரிஸ்க்-ஃபைவுக்கு மாறியது. ஓட்டிப் பார்க்க சிப் வாங்க வேண்டியதில்லை, ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய கியூஎமு எமுலேட்டர் இருந்தால் போதும். அதற்கு 128 எம்பி நினைவகம் ஒதுக்கினால் போதும் என்பதால், அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியிலேயே ஓடிவிடும்.

கியூஎமுவை முதல் கட்டளையிலேயே நிறுத்திவைத்து, ஜிடிபி டீபக்கரில் ஒவ்வோர் அடியாக நகரச் சொல்வேன். புரோகிராம் கவுன்டர் ஹெக்ஸ் 1000-ல் நிற்கும். அது எக்ஸ்வி6-இன் முகவரி அல்ல. கியூஎமு தானே வைத்திருக்கும் சின்ன ரோம். அதில் ஆறே கட்டளைகள். தான் எந்த ஹார்ட், அதாவது எத்தனையாவது கோர், என்ற எண் ஏ0 ரெஜிஸ்டரில் ஏறும். என்னென்ன சாதனங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லும் டிவைஸ் ட்ரீயின் முகவரி ஏ1-ல் ஏறும். கடைசியாக டி0-வில் ஹெக்ஸ் 80000000 ஏறி, அங்கே ஒரு தாவல். எமுலேட்டரின் பொறுப்பு அத்துடன் தீர்ந்தது. அந்த முகவரியில் கெர்னலின் முதல் வரி இருக்கும்படி லிங்கர் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பைட் தள்ளியிருந்தாலும் திரை கறுப்பாகவே கிடக்கும். ஏனென்று சொல்ல ஒரு எழுத்துகூட வராது, அச்சடிக்கும் நிரல் இன்னும் எழவில்லையே.

எக்ஸ்வி6 பக்கத்திலும் வரிகள் குறைவுதான். சி மொழியில் ஒரு ஃபங்ஷனை அழைக்க ஸ்டாக் வேண்டும். அந்த ஸ்டாக்கை அமைத்துத் தர சி-யால் முடியாது. அசெம்பிளி இங்கே வேகத்துக்காக வரவில்லை, வேறு வழியே இல்லாததால் வருகிறது. ஸ்டாக்0 என்ற இடத்தின் முகவரி ஸ்டாக் பாயின்டரான எஸ்பி-யில் ஏறுகிறது. ஹார்ட் எண்ணோடு ஒன்றைக் கூட்டி, 4096-ஆல் பெருக்கி, அதோடு சேர்க்கிறார்கள். ஏன் ஒன்றைக் கூட்ட வேண்டும்? ஸ்டாக் கீழ்நோக்கி வளரும், அதனால் ஒவ்வொரு ஹார்ட்டும் தன் பங்கின் மேல்முனையிலிருந்து தொடங்க வேண்டும். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை நான் வாய் திறப்பதில்லை.

இன்னொன்றையும் அவர்களே பார்த்துவிடுவார்கள். கியூஎமு மெனக்கெட்டு ஏ0-வில் வைத்துக் கொடுத்த எண்ணை எக்ஸ்வி6 படிப்பதே இல்லை. அதன் மேல் 4096-ஐ எழுதிவிட்டு, எம்ஹார்ட்ஐடி ரெஜிஸ்டரை நேரே படிக்கிறது. டிவைஸ் ட்ரீயையும் சீண்டுவதில்லை. எழுத்துகளை வெளியே அனுப்பும் யூஆர்ட் ஹெக்ஸ் 10000000-ல் இருக்கிறது என்று தலைப்புக் கோப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். லினக்ஸ் அப்படியல்ல. ஏ0, ஏ1 இரண்டையும் நம்பித்தான் எழுகிறது. பாடம் சொல்லத் தெளிவு முக்கியம் என்பதால் எக்ஸ்வி6 செய்தது சரி என்பேன்.

ப்ராசஸ் மாற்றும் சுவிட்ச் பகுதியில் நான் அதிகம் பேச வேண்டியிருப்பதில்லை. பதினான்கு ரெஜிஸ்டர்களை எடுத்து வைத்து, அடுத்தவருடைய பதினான்கை ஏற்றி, திரும்பிவிடுகிறது. பழவேற்காடு ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று பாடு முறை வைத்துப் பிழைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஒரே சிபியுவை எல்லோரும் முறை வைத்து ஆளுவது புதிய செய்தி இல்லை.

இதெல்லாம் எமுலேட்டரோடு நின்றுவிடுகிற கதையா? இல்லை. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையில் வளர்ந்த சக்தி ப்ராசஸர்களும் ரிஸ்க்-ஃபைவ்தான். 2018-ல் அவற்றில் லினக்ஸ் ஓடியது. ஐஐடியும் இஸ்ரோவும் விண்வெளிப் பயன்பாட்டுக்காகச் சேர்ந்து செய்த ஐரிஸ் கன்ட்ரோலரும் சக்தி வழி வந்ததே. அது சண்டிகர் செமிகண்டக்டர் லேபரட்டரியில் தயாராகி வெற்றிகரமாக பூட் ஆனதை 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கே குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

ஆனால் எமுலேட்டர் நம்மைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கும். நினைவகம் முதல் நொடியிலேயே தயாராக இருக்கும், அதுவும் சுத்தமான பூஜ்யங்களாக. நிஜப் பலகையில் டிடிஆர் நினைவகத்தை யாராவது தட்டி எழுப்பினால்தான் உண்டு. எழுந்தாலும் உள்ளே குப்பை இருக்கும். தொடக்க மதிப்பு தராத மாறிகள் தங்கும் பிஎஸ்எஸ் பகுதியை எக்ஸ்வி6 தானாகத் துடைப்பதில்லை. கியூஎமுவில் இது தெரியவே தெரியாது.

அதனால் கடைசிப் பயிற்சியாக, துடைக்கும் அசெம்பிளிச் சுழலை எழுதச் சொல்கிறேன். சுழல் நாலைந்து வரிதான். சிக்கல் அது எங்கே உட்கார வேண்டும் என்பதில். ஸ்டாக்0-வே பிஎஸ்எஸ்ஸில்தான் இருக்கிறது. மூன்று ஹார்ட்டும் ஒன்றாக எழுகின்றன. ஒன்று துடைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று ஸ்டாக்கில் எழுதியிருந்தால் அதுவும் அழிந்துபோகும். ஆகவே ஹார்ட் பூஜ்யம் மட்டும் துடைக்க, மற்றவை ஒரு கொடி (ஃப்ளாக்) மாறியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அந்தக் கொடியை பிஎஸ்எஸ்ஸில் வைக்கக் கூடாது, டேட்டா பகுதியில் வைக்க வேண்டும்.