இளைத்த குதிரைக்குக் கொள்ளு கூடாது! - ஊட்டி மலையடிவாரத்தில் உயிர் மீளும் மட்டக்குதிரைகள்

ஊட்டிக்கு ஒருமுறையாவது போய் வந்தவர்களின் போன் கேலரியில் ஒரு குதிரை கண்டிப்பாக இருக்கும். படகு இல்லத்துக்கு வெளியே, பைன் காட்டின் ஓரம், கூடலூர் சாலையில் இருக்கும் ஒன்பதாவது மைல் புல்வெளி என எங்கே வண்டியை நிறுத்தினாலும், "ஒரு ரவுண்டு போலாமா சார், பாப்பாவ ஏத்துங்க" என்ற குரல் கேட்கும்.

அதே ஊரில் இன்னொரு வகைக் குதிரையும் உண்டு. அதன் மேல் சேணம் இருக்காது, கடிவாளம் இருக்காது. மார்க்கெட் பக்கமும் பேருந்து நிலையத்துப் பக்கமும் குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டபடி நிற்கும். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். நாம் போட்டோ எடுக்கும் குதிரைக்கும், குப்பையைக் கிளறும் குதிரைக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரே ஒரு சீசன்தான் இடைவெளி.

சீசன் முடிந்த பிறகு...

ஊட்டியில் சவாரிக்கு நிற்பவற்றில் நிறைய மட்டக்குதிரைகள். முதுகும் கழுத்தும் சேரும் மேட்டில் அளந்தால் சுமார் 147 சென்டிமீட்டருக்குள் இருக்கும் குள்ளக் குதிரைகள் இவை. ஏப்ரல், மே மாதங்களில் மலர்க் கண்காட்சிக் கூட்டம் வரும்போது இவற்றுக்கு ஓய்வே இருக்காது. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன். நடுவில் மழை கொட்டும் மாதங்களில் வருமானம் நின்றுவிடும். ஆனால், குதிரையின் வயிறு நிற்காது.

குதிரைக்காரர்களில் பலர் அன்றாடக் கூலிக் கணக்கில் வாழ்பவர்கள். 2020 ஊரடங்கில் சுற்றுலா மொத்தமாக நின்றபோது, வீட்டு அடுப்பா, குதிரைத் தீனியா என்ற கேள்வி அவர்கள் முன்னால் வந்தது. கயிற்றை அவிழ்த்து விட்டால் தானே மேய்ந்துகொள்ளும் என்று ஊருக்குள் விடுவது அங்கே பழைய வழக்கம்தான். ஆனால், ஊருக்குள் புல்லைவிடக் குப்பைதான் அதிகம். சாலையில் திரியும் குதிரைகளை நகராட்சி அவ்வப்போது பிடித்து அபராதம் போடுகிறது. வயதான, நொண்டும் குதிரை என்றால், அபராதம் கட்டி மீட்க உரிமையாளர்களே தயங்குகிறார்கள்.

குதிரையின் உடல் நாள் முழுக்க மேய்வதற்காகவே அமைந்தது. புல்வெளியில் விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம்கூட மேயும். வயிற்றில் அமிலம் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கும். வயிறு காலியாகக் கிடந்தால் புண்ணாகும். இன்னொரு விஷயம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. மிச்சச் சோற்றோடு பிளாஸ்டிக் பையையும் விழுங்கிவிட்டால், அது குடலில் போய் அடைத்துக்கொள்ளும். வயிற்று வலியில் தரையில் புரண்டு புரண்டு உயிரை விடும் குதிரைகளில், இப்படி நம் பையைத் தின்றவையும் உண்டு.

36 வளைவுகளுக்குக் கீழே

இப்படிப்பட்ட குதிரைகள் பிழைத்து எழுவதைப் பார்க்க, ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் பேருந்தில் ஏறினேன். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியிலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறங்கிவிடுகிறோம். மேலே ஸ்வெட்டர், கீழே வியர்வை. யூகலிப்டஸ், தேயிலை எல்லாம் மறைந்து முட்புதர்க் காடு தொடங்குகிறது. புள்ளிமான்கள் சாலையோரம் நின்று பேருந்தை வேடிக்கை பார்க்கின்றன.

அந்தக் காட்டோரத்தில் கைவிடப்பட்ட விலங்குகளுக்கான சிறிய காப்பகம் ஒன்று இருக்கிறது. தகரக் கூரை போட்ட லாயம், கம்பிவேலி, நடுவில் ஒரு புங்க மரம். கழுதைகள், கால் ஊனமான ஒரு மாடு, ஏழெட்டு மட்டக்குதிரைகள். பக்கத்திலேயே சிறுத்தை நடமாடும் காடு என்பதால், பொழுது சாயும் முன் எல்லாவற்றையும் உள்ளே கட்டிவிடுகிறார்கள்.

நான் பார்க்க வந்தவளின் பெயர் சுக்கு. காய்ந்து சுருங்கிப்போய் வந்ததால் அந்தப் பெயர். ஆறு மாதத்துக்கு முன்னால், ஊட்டியில் சாலையோரம் படுத்து எழ முடியாமல் கிடந்த பெண் மட்டக்குதிரை. காவல் நிலையத்திலும் நகராட்சியிலும் தகவல் சொல்லிவிட்டு, மினி லாரியில் வைக்கோல் பரப்பி, நான்கைந்து பேர் தூக்கி ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

எண் 1

குதிரையின் உடல்நிலையை அளக்க 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. 1983-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஹென்னெகி என்ற ஆய்வாளர் உருவாக்கியது. கழுத்து, முதுகு மேடு, தோள், விலா, இடுப்பு, வால் அடி என்று ஆறு இடங்களைக் கையால் தொட்டுப் பார்த்துப் போடும் மதிப்பெண். 5 என்றால் நல்ல உடல்வாகு. 9 என்றால் கொழுப்பு அதிகம். 1 என்றால் எலும்பின் மேல் தோல் மட்டும்தான் மிச்சம்.

சுக்குவுக்குப் போட்ட மதிப்பெண் 1.

"வந்தன்னைக்கு அதோட கண்ணைப் பார்த்தா யாருக்கும் மனசு தாங்காது தம்பி. எங்கக்கா பையன் ஓடிப்போய் ஒரு வாளி கொள்ளு ஊறவெச்சுட்டான். நான்தான் தடுத்தேன். இன்னைக்கு இதை ஊட்டுனா, நாளன்னைக்கு குழி தோண்டணும்டானு சொன்னேன்" என்கிறார், இங்கே குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா.

எள்ளா, கொள்ளா?

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது நமக்குத் தெரிந்த பழமொழி. அதே சமயம் குதிரை என்றாலே கொள்ளுதான் நினைவுக்கு வரும். குதிரை விஷயத்தில் இந்தப் பழமொழியின் பாதியாவது மருத்துவம்தான் என்று எனக்கு இங்கே வந்த பிறகே புரிந்தது.

வாரக்கணக்கில் பட்டினி கிடந்த உடல், தன் தசையையே கரைத்து உயிர் பிழைத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மாவுச்சத்து நிறைந்த கொள்ளு, சோளம், தவிடு போன்றவற்றை வயிறு நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். இன்சுலின் பாய்ந்து சுரக்கும். ரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும். இதயமும் நுரையீரலும் தடுமாறும். பட்டினியில் சாகாத குதிரை, சோறு கிடைத்த மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ சாகும். மனிதர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. இரண்டாம் உலகப் போர் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலருக்கு நடந்ததும் இதுதான்.

அப்படியென்றால் என்ன கொடுப்பது? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், பட்டினி கிடந்த குதிரைகளுக்கு வெவ்வேறு தீனிகளைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். நன்றாக வேலை செய்தது லூசர்ன். நம் ஊர் விவசாயிகள் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'குதிரை மசால்'தான். மாவுச்சத்து குறைவு, புரதமும் தாதுக்களும் அதிகம்.

அந்த ஆய்வாளர்கள் சொன்ன அளவு பெரிய குதிரைக்கானது. முதல் மூன்று நாள்களுக்கு, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, காய்ந்த குதிரை மசால் சுமார் அரை கிலோ. அவ்வளவுதான். நான்காம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வேளையைக் குறைக்க வேண்டும். பத்து நாள் தாண்டினால்தான் விரும்பிய அளவுக்குத் தின்னவிடலாம். மட்டக்குதிரைக்கு எடைக்கு ஏற்ப இன்னும் குறைவு. அந்த அளவைக் கால்நடை மருத்துவர்தான் சொல்வார்.

"ராத்திரி பத்து மணிக்கு, ரெண்டு மணிக்கு, காலைல ஆறு மணிக்குனு அலாரம் வெச்சு எந்திரிப்போம். ஒரு கைப்பிடி வெச்சதும் ஒரு நிமிஷத்துல தின்னுட்டு, இன்னும் வேணும்னு கையை முட்டும். கொடுக்காம திரும்பி வர்றதுதாங்க கஷ்டம். பாசத்தை அளந்துதான் கொடுக்கணும்" என்றார் அக்கா.

முதல் நாளிலேயே செய்தது இன்னும் இரண்டு. ஒன்று, மற்ற குதிரைகளிடமிருந்து தள்ளித் தனியாகக் கட்டியது. குதிரைகளுக்கு வரும் 'கிளாண்டர்ஸ்' என்ற தொற்று மனிதர்களுக்கும் பரவக்கூடியது. ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை கையுறை இல்லாமல் யாரும் தொடவில்லை. இரண்டு, டெட்டனஸ் தடுப்பு மருந்து. உடலில் புண்ணோடு வரும் குதிரைக்கு அது தவிர்க்கவே முடியாதது. மற்ற கால்நடைகளைவிடக் குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் வரும்.

பல், முதுகு, குளம்பு

இரண்டு வாரம் தாண்டி சுக்கு தானாக எழுந்து நின்றது. ஆனாலும் தின்ற புல்லை உருண்டையாகத் துப்பிக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்து பார்த்த மருத்துவர், கடைவாய்ப் பற்களின் ஓரம் கத்தி போல வளர்ந்து கன்னத்தைக் கிழித்திருப்பதைக் கண்டுபிடித்தார். குதிரையின் பல் வாழ்நாள் முழுக்கத் தேயத் தேய மேலெழும்பி வரும். தேய்மானம் சரியாக இல்லாவிட்டால் கூர் வைத்துவிடும். மயக்க ஊசி போட்டு, நீளமான அரத்தால் ராவிவிட்ட பிறகுதான் ஒழுங்காக மென்று தின்ன ஆரம்பித்தது.

முதுகில் சேணம் அழுத்திய இடத்தில் உள்ளங்கை அளவு புண். அது ஆறி, அந்த இடத்தில் இப்போது வெள்ளை முடி முளைத்திருக்கிறது. குடல்புழு மருந்தை, உடல் கொஞ்சம் தேறிய பின் மருத்துவர் சொன்ன நாளில்தான் கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை நெஞ்சுச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் டேப்பால் அளந்து எடையைக் கணித்து, லாயத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைக்கிறார்கள். மேலிருந்து கீழே வாசித்தால், எண்கள் எறும்பு மாதிரி ஊர்ந்து ஏறியிருக்கின்றன. எலும்பும் தோலுமான குதிரை பழைய எடைக்குத் திரும்ப 6 முதல் 10 மாதங்கள்வரை ஆகும் என்பது டேவிஸ் ஆய்வாளர்களின் கணக்கு.

50 ரூபாய் குற்றம்

விலங்குகளுக்குத் தீனி கொடுக்காமல் விடுவதும், பட்டினியில் வாடும்படி கைவிடுவதும் சட்டப்படி குற்றம்தான். 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு. இந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் நம் சென்னையின் கலாக்ஷேத்திரா ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது இதற்கான தனிநபர் மசோதாவை அவர்தான் கொண்டுவந்தார்.

ஆனால், முதல்முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரைதான். 1960-ல் அது ஒரு தொகை. இன்று ஊட்டியில் இரண்டு டீ, ஒரு வர்க்கி வாங்கினால் தீர்ந்துவிடும். சுக்குவின் உரிமையாளர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், அந்த 50 ரூபாயால் சுக்குவுக்கு ஒரு வேளைத் தீனிகூடச் சரியாக வந்திருக்காது. அபராதம் உயர வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதுதான். மழைக்கால மாதங்களில் குதிரைக்காரர்களுக்குத் தீனிக்கு வழி பிறந்தால், பல குதிரைகள் குப்பைத்தொட்டிவரை போகவே வேண்டியிருக்காது என்பதும் அதே அளவு நியாயம்.

அடுத்த முறை ஊட்டி போகும்போது...

* சவாரிக்கு முன் குதிரையை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். விலா எலும்பு துருத்தியிருந்தால், முதுகில் புண் இருந்தால், நொண்டினால், ஏறாதீர்கள். நன்றாக வைத்திருப்பவரின் குதிரையில் ஏறுங்கள். அவருக்கும் அது ஊக்கம்.

* சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதன் முதுகில் ஏற்றக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 200 கிலோ மட்டக்குதிரை என்றால் 40 கிலோ. அதில் குழந்தைகள் போகலாம். அப்பாக்கள் பக்கத்தில் நடக்கலாம்.

* பிரெட், பிஸ்கட் வேண்டாம். கேரட் கொடுப்பதானால் உரிமையாளரிடம் கேட்டு, நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். வட்டமான துண்டுகள் தொண்டையில் சிக்கும்.

* மிச்சச் சாப்பாட்டைப் பையோடு கட்டி வீசாதீர்கள். குதிரைக்குப் பையை அவிழ்க்கத் தெரியாது.

* விழுந்து கிடக்கும் குதிரையைப் பார்த்தால் இரக்கப்பட்டு எதையும் ஊட்டிவிடாதீர்கள். தண்ணீர் வைக்கலாம். பிறகு கால்நடை அவசர ஊர்திக்கான 1962 என்ற எண்ணை அழையுங்கள். பக்கத்துக் காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள்.

குளம்பில் ஒரு கோடு

கிளம்பும் முன், சுக்குவின் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினார் அக்கா. குளம்பின் நடுவில் குறுக்காக ஒரு மேடு. அதற்குக் கீழே சொரசொரவென்று வெடித்த பழைய குளம்பு. மேலே, புதிதாக வளர்ந்த பகுதி பளபளவென்று வழவழப்பாக இருந்தது.

நம் நகம் மாதிரி குதிரையின் குளம்பும் மேலிருந்து கீழாக வளரும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். பட்டினி கிடந்த காலம் அதில் ஒரு கோடாகப் பதிந்துவிடும். சுக்குவின் கோடு ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிப்பவர் வந்து அடிக்குளம்பைச் செதுக்கிவிட்டுப் போகிறார்.

"பொங்கலுக்குள்ள இந்தக் கோடும் கீழ வந்துடும் தம்பி. வெட்டி எறிஞ்சுட்டா, பட்டினி கிடந்த அடையாளமே இருக்காது" என்றார். சுக்கு காலை உருவிக்கொண்டு, புங்க மர நிழலில் வைத்திருந்த குதிரை மசாலை நோக்கி அவசரமே இல்லாமல் நடந்தது.