நீல வானத்தைப் பார்த்துப் புலம்பும் ஊர்

சாத்தூர்ப் பக்கத்தில் வெயில்தான் பிழைப்பு. தீப்பெட்டியோ பட்டாசோ, மருந்து காய்ந்தாக வேண்டும். தூறல் விழுந்தால் வேலை நின்றுவிடும். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து காஷ்மீரின் குல்மார்குக்குப் போனவனுக்குப் பனியைவிடப் பெரிய ஆச்சரியம் அங்குள்ள மனிதர்கள்தான். பளிச்சென்ற நீல வானத்தை அண்ணாந்து பார்த்து, "இன்னும் மேகம் வரலியே" என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

புலம்புவதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜனவரியில் பாதி மாதத்துக்கும் மேல் குல்மார்க்கின் பனிச்சறுக்குச் சரிவுகள் பழுப்புப் புல்லாகவே கிடந்தன. மாதக் கடைசியில்தான் பனி இறங்கியது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. டிசம்பர் 21-ல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிருக்குச் 'சில்லை கலான்' என்று பெயர். அந்த நாட்களில் இறுகும் பனிதான் நின்று பலன் தரும். அது பொய்த்தால் சறுக்குப் பலகை வாடகைக்கு விடுபவர், சறுக்கப் பழக்குபவர், குதிரைக்காரர், டீக்கடைக்காரர் என எல்லாருடைய சீசனும் போச்சு. மேகம் கிளம்புவதோ எங்கோ மத்தியதரைக் கடல் பக்கம். ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வந்து இமயத்தில் முட்ட வேண்டும். ஐப்பசியில் நாம் வங்கக் கடலைப் பார்ப்பதுபோல அவர்கள் மேற்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொண்டோலா என்னும் கம்பிவட வண்டி இரண்டு கட்டமாக ஏறி, அஃபர்வாட் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டரில் இறக்கிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் பொதுவாக ஆறரை டிகிரி குளிர் கூடும். கீழே பூஜ்யம் என்றால் மேலே மைனஸ் எட்டு. காற்றடித்தால் இன்னும் கொடுமை. அதனால் உடுப்பை அடுக்கடுக்காகப் போட வேண்டும். வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும் பருத்தி பனியன் ஆகவே ஆகாது. நம் ஊரில் உயிர் காக்கும் துணி அங்கே எதிரி. காற்று பலமானால் வண்டியையே நிறுத்திவிடுவார்கள். மேகம் இறங்கினால் வெள்ளையில் மேடு பள்ளமே தெரியாது, நிழல் இருந்தால்தானே தெரிய! பலகையின் அடியில் தேய்க்கும் மெழுகுகூடக் குளிருக்கு ஒரு வகை, இளகிய பனிக்கு ஒரு வகை.

ஒரு ராத்திரி மேகம் வந்தேவிட்டது. விடியும்போது எங்கும் தூள்பனி. இதற்காகத்தான் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து காத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டாம் கட்டத்தைத் திறக்கவில்லை. புதுப்பனி கனமாக விழுந்த அடுத்த நாள்தான் சறுக்கச் சுகமான நாள், பனிச்சரிவுக்கும் அதுவே தோதான நாள். காற்று ஒரு முகட்டிலிருந்து பனியை வாரி மறுபக்கம் கொட்டிப் பலகைபோல இறுக்கிவைக்கும். அதற்கடியில் வலுவில்லாத அடுக்கு ஒன்று ஒளிந்திருந்தால் ஒரே ஆளின் எடையில் மொத்தமும் பெயர்ந்துவிடும். 2010 பிப்ரவரியில் இங்கே பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் 17 பேர் பனிச்சரிவில் மாண்டார்கள். 2024 பிப்ரவரியில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார். அதனால்தான் மேலே போகிறவர்கள் உடம்போடு ஒரு சமிக்ஞைக் கருவியைக் கட்டிக்கொள்கிறார்கள். பையில் மடக்கு மண்வெட்டியும் நீளக் குத்துக்கம்பியும் இருக்கும். புதைந்தவனைத் தோண்டி எடுக்கச் சில நிமிடங்களே அவகாசம்.

ஆல்ப்ஸ், அமெரிக்க மலைகளில் ஆட்கள் ஏறும் முன்பே வெடிவைத்து, சரியக் காத்திருக்கும் பனியை உதிர்த்துவிடுவார்களாம். வெடியைப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தும் தொழில் ஒன்று இருப்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார்கள்.

மேல்கட்டம் மூடியிருந்ததில் எனக்கு வருத்தமில்லை. கீழே, குழந்தைகள் பழகும் மேட்டில் விழுந்து எழுவதற்கே அன்றைய பகல் சரியாக இருந்தது. உள்ளூர்ப் பொடியன் ஒருவன், கைத்தடிகூட இல்லாமல், என்னைச் சுற்றிச் சுற்றிச் சறுக்கினான்.