பாஷிச்சைத் தேடி ஒரு பயணம்

செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் நடுவே, நாடாளுமன்றத்துக்கு அருகே ஒரு சதுக்கம். அங்கே நீண்ட தாடியுடன் நிற்கும் வெண்கலச் சிலை செர்பிய அரசியல் தலைவர் நிகோலா பாஷிச்சுடையது. சோஷலிச யூகோஸ்லாவியா காலத்தில் மார்க்ஸ்-எங்கெல்ஸ் சதுக்கமாக இருந்த இடம் இது. இப்போது பாஷிச்சின் பெயரைத் தாங்குகிறது.

அவரைப் புரிந்துகொள்ள விரும்பும் பயணி கிழக்கே, பல்கேரிய எல்லையை ஒட்டிய சாயெச்சாருக்குப் போக வேண்டும். 1845இல் அங்கேதான் பிறந்தார். சூரிச்சில் பொறியியல் படித்துத் திரும்பியவர், 1881இல் தீவிரக் கட்சியைத் தொடங்கி அரசியலைக் குடியானவர்களின் வாசலுக்கே கொண்டுபோனார். 1883இல் குடியானவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்க அரசு முனைந்ததும் சாயெச்சாரை உள்ளடக்கிய டிமோக் பகுதி கிளர்ந்தெழுந்தது. ராணுவம் அதை நசுக்கியது. எல்லை தாண்டித் தப்பிய பாஷிச்சுக்கு, அவர் இல்லாமலே மரண தண்டனை விதிக்கப்பட்டது. மன்னர் மிலான் முடி துறந்த 1889இல்தான் அவரால் ஊர் திரும்ப முடிந்தது. பிறகு பெல்கிரேடின் மேயர், செர்பியாவின் பிரதமர்.

ஒரு கறையும் உண்டு. 1899இல் மிலான் மீது நடந்த கொலை முயற்சியை ஒட்டிக் கைதானபோது, தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொந்தக் கட்சியினருக்கு எதிராகவே வாக்குமூலம் தந்தார். அதைப் பூசி மெழுகுவதில் நியாயமில்லை.

ஆனால் 1914 ஜூலையை மறக்க முடியுமா? செர்பியாவுக்கு ஆஸ்திரிய-ஹங்கேரியின் இறுதி எச்சரிக்கை வந்தபோது பாஷிச் தேர்தல் பிரசாரத்துக்காகத் தெற்கே போயிருந்தார். பதில் சொல்ல 48 மணி நேரமே கெடு. அவசரமாகத் தலைநகர் திரும்பினார். ஜூலை 25 மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு பதிலைத் தன் கையாலேயே ஆஸ்திரியத் தூதர் கீஸ்லிடம் கொடுத்தார். பெரும்பாலான நிபந்தனைகளுக்கு இணங்கிய பதில் அது. கீஸ்லோ உறவை முறித்துக்கொண்டு அரை மணி நேரத்தில் ரயில் ஏறிவிட்டார். மூன்றாம் நாள் போர்.

அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தில், எதிரிப் படைகளிடமிருந்து தப்ப, செர்பியப் படையும் அரசும் மக்களும் அல்பேனியப் பனிமலைகளைக் கடந்து பின்வாங்கினர். பாஷிச்சுக்கு அப்போது எழுபது வயது. பசியிலும் நோயிலும் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். தப்பியவர்கள் கிரேக்கத் தீவான கோர்ஃபுவில் ஒதுங்கினர். கரைக்கு எதிரே உள்ள விடோ என்னும் குட்டித் தீவில் நோயாளிகளை வைத்திருந்தனர். மண்ணில் இடம் போதாமல் இறந்தவர்களைக் கடலில் இறக்கினார்கள். செர்பியர்கள் அந்தக் கடலை 'நீலக் கல்லறை' என்கிறார்கள். நிலமே இல்லாத ஓர் அரசு கோர்ஃபுவிலிருந்துதான் இயங்கியது. 1917 ஜூலை 20 அன்று, செர்பியர், குரோவாசியர், ஸ்லோவேனியர் ஒரே நாடாக இணையும் பிரகடனத்தில் பாஷிச்சும் குரோவாசியத் தலைவர் ஆன்டே ட்ரும்பிச்சும் அங்கேயே கையெழுத்திட்டனர்.

அந்த நாடு பிறந்தது. ஆனால் 1921இல் அவர் நிறைவேற்றிய அரசமைப்பு, அதிகாரத்தை எல்லாம் பெல்கிரேடில் குவித்தது. குரோவாசிய விவசாயிகள் கட்சி வாக்கெடுப்பையே புறக்கணித்தது. விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் பிடிவாதம் பிடித்தார் என்பதே அவர்மீது சொல்ல வேண்டிய பெரிய குறை.

1926 டிசம்பர் 10 அன்று காலமானவரின் சமாதி பெல்கிரேடின் புதிய மயானத்தில் இருக்கிறது. சிலையையும் சமாதியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கோர்ஃபுவிலிருந்து படகேறி விடோவுக்கும் போய் வாருங்கள்.