ஒரே ஒரு வழி!

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது நியூ ஹார்ட்லி. வரிசை வீடுகள், சுற்றிலும் வயல். அவ்வளவுதாங்க ஊர்! 'இதைப் பார்க்கவா இவ்ளோ தூரம்?'னு கேட்டா, அங்கே இருக்கிற நினைவுத் தோட்டத்துக்குள்ள போங்க. வாய் தானா மூடிக்கும்.

அங்கே மூடிக் கிடக்கிற குழிதான் 'ஹெஸ்டர்' நிலக்கரிச் சுரங்கத்தின் வாசல். ஒரு காலத்தில் ஊருக்கே சோறு போட்டது. அப்பா, அண்ணன், தம்பினு குடும்பமே இறங்கும். பத்து வயசுப் பசங்களும்தான்!

ஆள் இறங்க, ஏற, கரி தூக்க, தண்ணீர் இறைக்க, காற்று வர... எல்லாத்துக்கும் 12 அடி அகலத்தில் ஒரே குழி. நடுவில் பலகைத் தடுப்பு வைத்து, ஒரு பக்கம் நல்ல காற்றை உள்ளே விட்டு, மறுபக்கம் கெட்ட காற்றை வெளியே எடுத்தார்கள். ஏன் இன்னொரு குழி தோண்டலை? செலவாகுமே!

1862 ஜனவரி 16, வியாழக்கிழமை காலை. ஷிஃப்ட் மாறும் நேரம். அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் இறங்கியாச்சு. முந்தைய ஷிஃப்ட்டில் பாதிப் பேர்கூட மேலே வரலை. அப்போதுதான் தண்ணீர் இறைக்கும் இன்ஜினின் 42 டன் இரும்பு உத்தரம் உடைந்து, அதில் பாதி குழிக்குள் விழுந்தது. பலகையும் கல்லும் சரிந்து வழியை அடைத்துவிட்டன.

ஆறு நாள் போராடினார்கள். விஷவாயு முந்திக்கொண்டது. மொத்தம் 204 பேர் பலி. உள்ளே கிடைத்த ஒரு மேற்பார்வையாளரின் நோட்டில், மறுநாள் மதியம் எல்லோரும் கூடி ஜெபம் செய்த விவரம் இருந்தது. அதாவது, மறுநாள் வரை உயிரோடுதான் இருந்திருக்காங்க. வெளியே வரத்தான் இன்னொரு வழி இல்லை.

அதே வருடம் ஆகஸ்ட்டில் சட்டம் வந்தது. புதுச் சுரங்கமென்றால் குறைந்தது ரெண்டு வழி கட்டாயம். பழையவற்றுக்கு 1864 முடிய அவகாசம். முன்னாடி 'வீண் செலவு'னு தோணின ரெண்டாவது குழி, இப்போ சட்டம்!

நியூகாசிலிலிருந்து சீட்டன் டெலவலுக்கு 2024 டிசம்பர் முதல் மறுபடியும் ரயில் ஓடுது. அங்கிருந்து ஊர் பக்கம்தான். அப்படியே சில கிலோமீட்டர் தள்ளி, எர்ஸ்டன் சர்ச் கல்லறைத் தோட்டத்துக்கும் போயிட்டு வாங்க. 204 பேரின் நினைவுத் தூண் அங்கேதான் நிற்கிறது. பெயர்களோடு, பக்கத்தில் இருக்கிற வயசையும் படிங்க.