கேசட் அட்டைகள்

இப்போ ஆப்பில் பாட்டு போட்டா ஓரத்தில் தபால்தலை சைஸில் ஒரு படம் வருதே, அதை யாராவது உத்துப் பார்க்கிறோமா? எழுதினது யாருன்னு தெரியணும்னா மூணு புள்ளியைத் தொட்டு உள்ளே போகணும். அதுக்குள்ள அடுத்த பாட்டு வந்துடும்.

1940 வரைக்கும் இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெறும் பழுப்புக் காகித உறையில்தான் வந்தன. அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியில் இருந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர்தான் மேலே படம் போட ஆரம்பிச்சார். அப்புறம் எல்பி வந்ததும் 12 அங்குலச் சதுரம் ஓவியர்களோட ராஜ்ஜியம். 1973ல் வந்த பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' முன்னட்டையில் குழுவின் பேர்கூடக் கிடையாது. ஒரு முப்பட்டகம், அதில் புகுந்து நிறம் பிரியுற ஒளி, அவ்வளவுதான். (அதை டி-ஷர்ட்டில் போட்டுத் திரியுற பாதிப் பேர் பாட்டைக் கேட்டிருக்க மாட்டாங்க என்பது என் சந்தேகம்.)

நமக்கு எல்பி எல்லாம் கட்டுப்படியாகாது. கேசட் பார்ட்டி. மடிச்சு வச்ச அந்த அட்டைதான் என் பொது அறிவு. ஹரிஹரன் என்ற பேரை நான் முதலில் படிச்சது 1992ல், 'ரோஜா' அட்டையில். ரஹ்மான் வந்தப்புறம் புல்லாங்குழல் நவீன், ஒலிப்பதிவு எச்.ஸ்ரீதர் என்று வாசிச்சவங்க, பதிவு பண்ணினவங்க பேரெல்லாம் அட்டைக்கு வந்தது. கையெழுத்து இல்லாத வவுச்சரைப் பத்து ரூபாய்க்குக்கூட பாஸ் பண்ணாத ஆள் நான். யார் பேரும் கண்ணில் படாமல் ஓடுற பாட்டைக் கேட்டா கை அரிக்குது.

அப்பா விருதுநகரில் மில் கணக்கர். கேசட் வாங்கினதும் அட்டையின் உள்பக்கம் தேதி, விலை எழுதி இனிஷியல் போடுவார். ஏதோ லெட்ஜர் மாதிரி! அப்போ எரிச்சலா இருக்கும், அழகான அட்டையைக் கெடுக்கிறாரேன்னு.

கொல்கத்தாவில் இருந்தப்போ ஈரத்தில் டேப் எல்லாம் பூஞ்சை பிடிச்சுது. தூக்கிப் போட்டாச்சு. அட்டைகளை மட்டும் ஒரு ஸ்வீட் டப்பாவில் வச்சு இங்கே போபாலுக்குக் கொண்டு வந்தேன். பாட்டு முழுக்க போனில் இருக்கும்போது இது எதுக்குன்னு வீட்டம்மா கேட்டது நியாயம்தான். அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. அவர் கையெழுத்துன்னு வீட்டில் இருக்கிறது ஒரு எல்.ஐ.சி. பத்திரம், அப்புறம் இந்த அட்டைகள்.

அடுத்த மாசம் டிரான்ஸ்பர் லிஸ்ட் வருதாம். டப்பா இந்தத் தடவை லாரியில் போகாது. என் ஆபீஸ் பையில்.