நிற்கக் கற்ற வண்டி

கார் ஒன்றை வாங்க வருவோர் அது எத்துணை விரைவாக ஓடும் என்று கேட்பர். எத்துணைத் தொலைவில் நிற்கும் என்று கேட்போர் அரியர். வேகத்துக்கு உலகில் புகழ் உண்டு. நிறுத்தத்துக்கு அத்தகைய புகழ் இல்லை. ஆயினும், பழைய பந்தயப்பாங்குக் கார் ஒன்றை வாங்கி, அதைப் பந்தயத் தடத்தில் ஓடத்தக்கதாய் ஆக்க முனைவோர்க்கு இரண்டாவது கேள்வியே முதற்கேள்வி ஆகிவிடுகிறது. புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு குடும்பம் இவ்வுண்மையை ஐந்தாண்டுகளில் மெல்ல மெல்லக் கற்றது.

புக்கிட் பாஞ்சாங் என்னும் மலாய்ப் பெயருக்கு நீண்ட குன்று என்பது பொருள். இன்று அடுக்குமாடி வீடுகளும், 1999ஆம் ஆண்டு முதல் அவற்றுக்கிடையே ஓடும் இலகு ரயிலுமாக விளங்கும் இவ்வட்டாரத்துக்கு மோட்டார் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. இங்கிருந்து தெற்கே செல்லும் அப்பர் புக்கிட் தீமா சாலையில் 1941ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனத்தின் தொழிற்சாலை எழுந்தது. தென்கிழக்காசியாவில் கார்களைப் பொருத்தி முடிக்க அந்நிறுவனம் எழுப்பிய முதல் ஆலை அதுவே. மறு ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் ஆங்கிலேயப் படை சப்பானியரிடம் சரணடைந்ததும் அக்கட்டடத்தில்தான். போருக்குப் பின் மீண்டும் கார்களை உருவாக்கிய அவ்வாலை 1980இல் மூடப்பட்டு, இன்று நினைவுக்கூடமாய் நிற்கிறது.

சிங்கப்பூரில் கார்கள் பொருத்தப்பட்ட அக்காலத்தில் இங்கே கார்ப் பந்தயமும் நடந்தது. 1961 முதல் 1973 வரை தாம்சன் சாலைப் பகுதியில் கிராண்ட் பிரி பந்தயம் ஆண்டுதோறும் மக்களை ஈர்த்தது. ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் பொதுச்சாலையே. மற்ற நாள்களில் பேருந்துகள் ஓடிய வழியில் பந்தய நாளன்று கார்கள் சீறின. 1966இல் லீ ஹான் செங்கும் 1967இல் ரோட்னி சியோவும் வென்றபோது, உள்ளூர் ஓட்டுநரும் வெல்லலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் சாலையோரத்தில் விளக்குக் கம்பமும், ஆழ்ந்த வடிகாலும், பேருந்து நிறுத்தமும் அப்படியே இருந்தன. ஓட்டம் பிழைத்தால் ஒதுங்கி நிற்க இடமில்லை. 1972இலும் 1973இலும் ஓட்டுநர்கள் உயிரிழந்தனர். அதன்பின் பந்தயம் நிறுத்தப்பட்டது. ஆபத்து ஒருபுறம்; இளைஞர்கள் சாலைகளில் பொறுப்பின்றி ஓட்டப் பந்தயம் தூண்டுகோலாகும் என்ற கவலை மறுபுறம். 2008ஆம் ஆண்டில் மரினா பேயில் பார்முலா ஒன் பந்தயம் தொடங்கியது. எனினும் அது தேர்ந்த ஓட்டுநர்களின் களம். பொழுதுபோக்காக ஓட்ட விரும்பும் எளியவருக்கு முழு அளவுள்ள நிலையான தடம் சிங்கப்பூரில் இல்லை. அவர் எல்லை கடந்து மலேசியாவுக்குத்தான் செல்ல வேண்டும்.

புக்கிட் பாஞ்சாங்கில் வாழும் மின்தூக்கித் தொழில்நுட்பர் ஒருவர் அத்தகைய எளியவர். அவரிடம் 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் பதிவு செய்யப்பட்ட டொயோட்டா எம்.ஆர்.2 கார் ஒன்று இருந்தது. இரண்டே இருக்கைகள், அவற்றுக்குப் பின்னால் எஞ்சின். சிங்கப்பூரில் ஒரு காரின் ஆயுளை இரும்பு மட்டும் முடிவு செய்வதில்லை. சட்டமும் முடிவு செய்கிறது. 1990 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுகளுக்கே செல்லும். அதன்பின் பத்தாண்டுகளுக்கு அதைப் புதுப்பிக்கலாம். அல்லது பாதிக் கட்டணம் செலுத்தி ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். ஐந்தாண்டு வழியைத் தேர்ந்தால் பிறகு நீட்டிப்புக் கிடையாது. 2007இல் பத்தாண்டு பெற்றிருந்த அக்காருக்கு 2017இல் அவரால் தர முடிந்தது ஐந்தாண்டுதான். ஆகவே 2022 செப்டம்பர் அதன் இறுதி என்று அன்றே உறுதியாயிற்று. எஞ்சிய காலத்தை அங்காடிக்கும் அலுவலகத்துக்கும் செலவிடாமல், எதற்காக அது வடிவமைக்கப்பட்டதோ அதற்காகவே செலவிட அவர் எண்ணினார்.

வீவக வாகன நிறுத்துமிடம் பழுதுபார்க்கும் இடமன்று. எனவே சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் நண்பர் ஒருவரின் பட்டறையில் மாலை நேரங்களில் வேலை தொடங்கியது. அவருடைய அக்காள் மகனும் பள்ளி முடிந்து உடன் வந்தான். அப்போது அவனுக்கு வயது பதினாறு. முதல் நாளே எஞ்சினைப் பிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தவனுக்கு ஏமாற்றமே காத்திருந்தது. மாமா காரை உயர்த்தி, நான்கு சக்கரங்களையும் கழற்றி, துருப்பிடித்த இடங்களைச் சுத்தியால் தட்டிப் பார்த்தார். அடுத்த மூன்று வாரம் முழுவதும் பிரேக் வேலையே நடந்தது.

“மாமா, எஞ்சினுக்கு எப்போது வருவோம்?” என்று கேட்டான் அவன்.

“வண்டிக்கு நிற்கத் தெரிந்த பிறகு, மாப்பிள்ளை” என்றார் அவர்.

அவ்விடை வெறும் சொல்நயமன்று. அதில் அறிவியல் அடங்கியுள்ளது. ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் கார் 140 கிலோமீட்டரை எட்டும்போது, வேகம் கூடியது ஒன்றரை மடங்குக்கும் குறைவே. ஆனால் ஆற்றலோ ஏறத்தாழ இரு மடங்காகிறது. 1,200 கிலோகிராம் எடையுள்ள காரை 144 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முற்றிலும் நிறுத்தினால், பிரேக்குகள் பெரும்பாலும் ஏற்க வேண்டிய வெப்பம் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. சாலையில் இவ்வாறு நிறுத்த நேர்வது என்றோ ஒரு நாள். தடத்திலோ, ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை அழுத்தி மிதிக்க வேண்டும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

பிரேக் எண்ணெயின் கதையும் அவனுக்குப் புதிது. அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் வகை, புதிதாயிருக்கும்போது 230 பாகை செல்சியசுக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான நீர் அதில் கலந்தாலே, அவ்வரம்பு 155 பாகையாகத் தாழ்ந்துவிடுகிறது. எண்ணெய் கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். நீர்மம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவியோ சுருங்கும். அப்போது ஓட்டுநர் மிதிப்பது பிரேக்கையன்று, வெறுங்காற்றையே! மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. எனவே பழைய எண்ணெய் முழுவதும் வெளியேற்றப்பட்டது. வெப்பம் தாங்கும் பிரேக் கட்டைகளும் புதிய தட்டுகளும் பொருத்தப்பட்டன. பின்னர் டயர்கள். அடுத்து குளிர்விக்கும் அமைப்பு. இக்காரின் எஞ்சின் பின்புறத்திலும் ரேடியேட்டர் முன்புறத்திலும் இருப்பதால், நீர் வண்டியின் நீளம் முழுவதும் குழாய்வழி சென்று மீள வேண்டும். இடையே காற்று தேங்கினால் எஞ்சின் கொதித்துவிடும். அக்காற்றை வெளியேற்றுவதற்கே இரண்டு மாலைகள் கழிந்தன.

சாலையில் ஓடும் காரில் எவற்றை மாற்றலாம், எவற்றுக்கு முன் அனுமதி வேண்டும், எவற்றைத் தொடவே கூடாது என்பதை நிலப் போக்குவரத்து ஆணையம் வகுத்துள்ளது. அவ்வரம்பை மீற மாமா விரும்பவில்லை. எஞ்சினுக்குப் புதிய எண்ணெயும் வடிகட்டியும் கிடைத்தன; கூடுதல் ஆற்றல் கிடைக்கவில்லை. அதுவே போதும் என்பது அவர் முடிவு.

மின்தூக்கித் தொழிலில் வளர்ந்தவருக்கு இம்மனப்பாங்கு வாய்த்ததில் வியப்பில்லை. உயரத் தூக்கும் பொறிகள் முன்பே உண்டு. கயிறு அறுந்தால் என்னாகும் என்ற அச்சமே மக்களைத் தடுத்தது. 1854ஆம் ஆண்டில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் நியூயார்க் கண்காட்சியில், மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, தாம் நின்ற மேடையின் கயிற்றை வெட்டச் செய்தார். மேடை விழவில்லை, பாதுகாப்புப் பற்கள் அதைப் பிடித்து நிறுத்தின. உயர்ந்த கட்டடங்களின் காலம் அந்த நிறுத்தத்திலிருந்து வளர்ந்தது எனலாம். புக்கிட் பாஞ்சாங்கின் அடுக்குமாடிகளில் நாள்தோறும் ஏறியிறங்குவோர் நம்புவது மின்தூக்கியின் வேகத்தையன்று. அது தவறாது நிற்கும் என்பதையே.

இரண்டு முறை அக்கார் மலேசியா சென்று தடத்தில் ஓடித் திரும்பியது. பையனுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்தது; தேசிய சேவை அழைத்தது. அவன் ஓட்டும் முறை வருமுன் 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்று எல்லையை அடைத்தது. ஐந்தாண்டு என்று கணக்கிட்டு வாங்கிய ஆயுளில் இரண்டாண்டு நின்ற இடத்திலேயே கழிந்தது.

அவ்விரண்டாண்டில்தான் வீட்டில் கவலை புகுந்தது. சேவை முடித்து வந்த இளைஞனை, நள்ளிரவில் ஆளரவமற்ற சாலைகளில் கார்களை விரட்டும் நண்பர் கூட்டம் ஒன்று அழைத்தது. ஓரிரவு அவர்களுடன் பயணியாகச் சென்று விடியற்காலை திரும்பிய மகனைத் தாய் கண்டுகொண்டாள். மறுநாள் தம்பியின் வீட்டுக்கு வந்தாள்.

“தம்பி, அவனுக்கு இந்த ஆசையை ஊட்டியது நீதான். அந்தக் காரை விற்றுவிடு.”

அவர் மறுத்துரைக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, “காரை விற்கலாம், அக்கா. ஆசையை யாரிடம் விற்பது? அதற்கு ஓர் இடம் காட்டினால் சாலைக்கு வராது” என்றார். அவள் உடன்பட்டாள் என்று சொல்ல முடியாது. அழுகையை அடக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

வேகத்துக்கு இடம் காட்டுதல் என்பது சிறு பணியன்று. தமிழகத்தில் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதை ஒரு தலைமுறைக்கு அப்பணியைச் செய்தது. 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், செல்வர்க்கே உரியதாயிருந்த பந்தயத்தை இளைஞர்க்கு எட்டச் செய்ய விரும்பி, மாருதி 800 காரின் உறுப்புகளைக் கொண்டு மலிவான ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். 1995இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். ஆனால் அவ்வகை வண்டிகளில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். ஆசையை அடக்கு என்று மட்டும் சொல்லியிருந்தால் இது நிகழ்ந்திராது.

2022 ஏப்ரல் முதல் நாள் தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது. சான்றிதழில் ஐந்து மாதங்களே எஞ்சியிருந்தன. ஆகஸ்டில் ஒரு நாள், சட்டப்படி முக்கால் தொட்டிக்குக் குறையாத பெட்ரோலுடன் மாமனும் மருமகனும் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடந்து சிப்பாங் சென்றனர். 1999இல் திறக்கப்பட்ட அத்தடம் 5.543 கிலோமீட்டர் நீளமும் பதினைந்து வளைவுகளும் கொண்டது. பொழுதுபோக்கு ஓட்டுநர்களுக்கென அங்கே ஒதுக்கப்படும் நாளில் நடப்பது பந்தயமன்று. முதலிடமும் இல்லை, பரிசும் இல்லை. காலையில் விதிகளை விளக்குவர்: மஞ்சள் கொடி ஆபத்தைக் குறிக்கும், சிவப்புக் கொடி ஓட்டத்தை நிறுத்தும், நீலக் கொடி பின்னால் விரைந்து வருபவருக்கு வழிவிடச் சொல்லும். மாற்றுச் சக்கரத்தையும் ஜாக்கியையும் பைகளையும் வண்டியிலிருந்து இறக்கி வைத்தனர்.

“எஞ்சின் பின்னால் இருக்கிறது. வளைவுக்குள் அஞ்சிக் காலை எடுத்தால் வால் சுழன்றுவிடும். நேராக ஓடும்போதே பிரேக்கை முடித்துக்கொள், அச்சம் வருமுன் மிதி” என்றார் மாமா.

நான்கு சுற்றுகள் நன்றாகவே ஓடின. ஐந்தாம் சுற்றில் நீண்ட நேர்வழியில் அவனுக்கு முன்னே வெள்ளைக் கார் ஒன்று சென்றது. இன்னும் இரண்டு வளைவுகளில் அதை முந்தியிருக்கலாம். அவ்வேளையில் பிரேக் மிதி வழக்கத்தைவிடச் சற்றே ஆழமாக இறங்கியதைக் கால் உணர்ந்தது. நேரம் இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. கொடி எதுவும் காட்டப்படவில்லை. பக்கத்திலிருந்த மாமாவும் வாய் திறக்கவில்லை. அவன் கையுயர்த்திச் சைகை காட்டி, வேகத்தைத் தணித்து, பிரேக்கை இயன்றவரை தொடாமல் மீதிச் சுற்றை ஓட்டி வெளியேறினான். நிறுத்திய பின், சூடான தட்டைக் கட்டைகள் கவ்விக்கொள்ளாதிருக்கக் கைப்பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டான்.

“ஏன் வந்துவிட்டாய்?” என்றார் மாமா.

“மிதி மென்மையாகிவிட்டது, மாமா.”

அவர் தலையசைத்துவிட்டுத் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். ஐந்தாண்டுகள் மாலைதோறும் செய்த வேலையின் பயன் அந்த ஒரு விடையில் இருந்தது. வேகமாக ஓட்டக் கற்பிப்பது எளிது. எவரும் நிறுத்தச் சொல்லாதபோது தானே நிறுத்தும் அறிவு எளிதில் வருவதன்று. அது நூலறிவாக மட்டும் நின்றால் போதாது; காலடியில் உணரப்பட வேண்டும்.

செப்டம்பரில் பதிவு நீக்கப்பட்டது. நன்கு ஓடும் நிலையிலேயே அக்கார் பழைய வண்டிகளை உடைக்கும் இடத்துக்குச் சென்றது. அதைக் காட்சிப்பொருளாய்க் காத்திருக்கலாமே என்று வருந்துவோர் இருக்கலாம். ஆனால் ஓடாமல் முப்பதாண்டு பளபளத்திருப்பதைவிட, அறிவு ஒன்றை ஈந்துவிட்டுத் தேய்ந்துபோவது ஒரு கருவிக்குச் சிறுமையன்று. பழையதைப் போற்றுதல் என்பதற்குப் பூட்டி வைத்தல் ஒன்றே பொருளாகாது.

அந்த இளைஞன் இன்று ஒரு நிறுவனத்தின் பொருள் வண்டியை ஓட்டுகிறான். அதில் வேகத்துக்கு வாய்ப்பே இல்லை. ஆயினும் மாதத்தின் முதல் நாள் காலையில் முன்மூடியைத் திறந்து, பிரேக் எண்ணெயின் அளவைப் பார்த்த பின்னரே வண்டியைக் கிளப்புகிறான். அவன் இரவில் வீடு திரும்பும்வரை விழித்திருந்த தாய் இப்போது பத்து மணிக்கே உறங்கிவிடுகிறாள்.