பெயிண்டருக்கு முன் பிளம்பர்

அப்பா கட்டிய வீட்டை விற்கிறோம். பார்க்க வந்த புரோக்கர் சொன்ன முதல் யோசனை: "பாத்ரூம் பக்கத்துச் சுவர்ல ஓதம் தெரியுது சார். பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சிருங்க, ஒண்ணும் தெரியாது." மனசு ஒப்பவில்லை. வாங்கப்போவது இருபது வருஷம் இஎம்ஐ கட்டப்போகிற ஒரு குடும்பம்.

பிளம்பர் அண்ணன் வந்ததும் சுவரை உடைக்கவில்லை. மாடித் தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயையும் இறுக மூடி, தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு கோடு கிழித்தார். விடிந்து பார்த்தால் கோட்டுக்கு நாலு விரல் கீழே தண்ணீர். சுவருக்குள் ஓடிய பழைய ஜிஐ பைப்தான். கழற்றிய எல்போவைக் கையில் கொடுத்தார். வெளியே கெட்டியாக இருந்தது. உள்ளே துரு அடைத்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி. மரை இருந்த இடம் விரல் பட்டதும் உதிர்ந்தது.

அந்த லைன் முழுவதையும் சிபிவிசிக்கு மாற்றினோம். ஒழுகிய ஃப்ளஷ் டேங்க், வாஷர் போன குழாய்கள் எல்லாம் சில்லறை வேலை.

பெயிண்ட் அடித்து மறைக்காதே என்றுதான் சட்டமும் சொல்கிறது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை மறைக்கக் கூடாது.

வீடு விற்கப்போகும் நண்பர்களே, பூசி மூடுவதற்கு முன் புதுப் பைப் எந்தச் சுவரில் எப்படிப் போகிறது என்று போட்டோ எடுத்து வையுங்கள். சாவியோடு அதையும் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.